ஒன்பதாம் மாடியில் ஒரு குளியல்

அல்மாத்தியில் ஊரடங்கு போட்டதும் முதல் வேலையாக நீச்சல் குளத்தை மூடினார்கள். என் எடை நூற்றுப் பதினெட்டு கிலோ. தண்ணீருக்குள் மட்டும்தான் அது எனக்குப் பாரமாகத் தெரியாது. குளம் போனதோடு என் உடற்பயிற்சியும் போயிற்று. தரைத்தள வீட்டில் தேநீரும் வெண்ணெய் ரொட்டியுமாக உட்கார்ந்து இன்னும் ஊதினேன்.

அந்த நேரம் பார்த்துத்தான், அதே கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் இருக்கும் என் தம்பிக்குப் பல வருஷம் கழித்துப் பெண் பிறந்தது. எங்கள் கசாக் வழக்கப்படி குழந்தைக்கு இரண்டாவது அம்மா மாதிரியான தொப்புள்தாயாக என்னைத்தான் அவன் மனைவி பிபினூர் கேட்டிருந்தாள். நாற்பதாம் நாள் குழந்தையைக் குளிப்பாட்டும் உரிமை தொப்புள்தாய்க்கு. அதுவரை குழந்தை வாசல் தாண்டக் கூடாது. லிப்டையோ தொற்றுக்குப் பயந்து நிறுத்தியிருந்தார்கள்.

பிரசவத்துக்காக மேலேயே தங்கியிருந்த பிபினூரின் அம்மா சவுரேஷ் போன் செய்தாள்.

"சம்பந்தியம்மா, நீங்க சிரமப்பட வேணாம். என் தங்கச்சி மக மூணாவது மாடியிலதான இருக்கா. ஒல்லியா, ஓடியாடற பொண்ணு. அவளை வெச்சு முடிச்சுக்கறோம்."

"ஏன், எனக்குக் காலு இல்லையா?"

"இருக்கு. அந்தக் காலு பாவம்னுதான் சொல்றேன்."

என் காது கொதித்தது. எனக்குப் பிள்ளை கிடையாது. இந்த ஒரு குழந்தையையும் விட்டுக்கொடுப்பேனா?

மறுநாளே ஏறிப் பழகத் தொடங்கினேன். இரண்டாம் மாடியில் நாக்குத் தள்ளியது. கணவர் செரிக்பொல் கீழேயிருந்து கத்தினார்.

"குல்யாஷ், கைப்பிடியை ரொம்ப அழுத்தாத! கட்டடம் பழசு!"

"உங்க வாயும் பழசுதான், மூடுங்க!"

மூச்சிரைப்பைவிடக் கொடுமை கதவுகள். எங்கள் ஜனங்களுக்கு, வாசலில் நிற்பவர் வாயில் எதையாவது போடாமல் அனுப்பினால் தூக்கம் வராது. நான் இரைக்கும் சத்தம் கேட்டால் போதும், கதவு திறக்கும். முகக்கவசத்துக்கு மேல் இரண்டு கண்கள், நீட்டிய தட்டில் எண்ணெயில் பொரித்த பவுர்சாக் மாவுருண்டைகள். மறுத்தால் அவமரியாதை. முதல் வாரம் எனக்கு எடை கூடித்தான் போயிற்று! வெறுத்துப்போய்க் கட்டடத்தின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்: "நான் ஏறும்போது தட்டு நீட்டுகிறவர்கள் தலையிலேயே அதைக் கவிழ்ப்பேன்."

பிறகு கதவுகள் திறக்கவில்லை. உள்ளிருந்து குரல்தான் வந்தது. "ஏறுக்கா, ஏறு! நேத்து இங்க உட்கார்ந்தே, இன்னைக்கு உட்காரலையே!"

முழங்கால் வலியில் அழுதிருக்கிறேன், பொய் சொல்லவில்லை. ஏழாம் மாடியோடு திரும்பிக்கொண்டிருந்தேன். எட்டாம் மாடியைப் பார்க்காமலே நாற்பதாம் நாள் விடிந்துவிட்டது.

அன்று ஏழில் நிற்கவே இல்லை. நின்றால் உட்கார்ந்துவிடுவேன் என்று தெரியும். எட்டில் கண் இருட்டியது. சுவரைப் பிடித்துக்கொண்டு, சவுரேஷைத் திட்டிக்கொண்டே மிச்சப் படிகளையும் ஏறினேன்.

கதவைத் திறந்த சவுரேஷ் ஒதுங்கி வழிவிட்டாள். உள்ளே அந்த ஒல்லிப் பெண் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தொட்டியருகே தயாராக இருந்தாள்.

"கரண்டியைக் குடுடி" என்றேன்.

வழக்கப்படி, வெள்ளிக் காசு போட்ட வெந்நீரைக் கரண்டி கரண்டியாக ஊற்றினேன். குழந்தை முதலில் வீறிட்டது, அப்புறம் என்னையே பார்த்தது. உலகத்தில் என்னைவிடச் சந்தோஷமானவள் அப்போது யாரும் இல்லை.

தொப்புள்தாய்க்குப் பரிசாக வெல்வெட் மேல்சட்டையைப் பிபினூர் கொண்டுவந்தாள். போட்டுப் பார்த்தேன். ஒரு கைகூட நுழையவில்லை. தைத்தது அந்த ஒல்லிப் பெண் அளவுக்கு.

சவுரேஷின் முகம் சிவந்தது. "நீங்க ஏறி வருவீங்கன்னு சத்தியமா நினைக்கல, சம்பந்தியம்மா."

சட்டையை மடித்து அவள் கையிலேயே வைத்தேன்.

"பிரிச்சுத் தைச்சு வைங்க. நாளைக்கு வந்து வாங்கிக்கறேன்."