கிரேனின் வலது கை

பெயின்ட் கடைக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் கிரேன். இருபது லிட்டர் வாளியை ஒரு கையில் தூக்கிக்கொண்டு, மற்றக் கையில் போன் பேசியபடியே இரண்டு மாடி ஏறிவிடுவாள். அவளும் அவள் நாத்தனாரும் சேர்ந்து வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை எடுத்துச் செய்தார்கள். கனமானதை எல்லாம் கிரேன் அண்ணி பார்த்துக்கொள்வாள், பேச்சையெல்லாம் நாத்தனார் பார்த்துக்கொள்வாள்.

மூன்று வருஷத்துக்கு முன் அண்ணிக்கு வலது மார்பில் புற்றுநோய் வந்தது. மார்பையும் அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தார்கள். மருந்து ஏற்றி, முடி கொட்டி, அது மறுபடி முளைத்து, அவள் வேலைக்குத் திரும்பிய அன்று நாத்தனார் அவள் தலையைத் தடவிப் பார்த்தாள்.

"நம்ம பிரஷ் மாதிரியே இருக்கு அண்ணி. ஜன்னல் ஓரத்த உங்களை வச்சே அடிச்சிடலாமா?"

அண்ணி சிரித்த சிரிப்பில் ஏணி ஆடியது.

போன வருஷம் அந்த வலது கை வீங்க ஆரம்பித்தது. முதலில் சாயங்காலம் மட்டும் கனத்தது, காலையில் வடிந்துவிடும். பிறகு காலையிலும் வடியவில்லை. வேலைச் சட்டையின் கை முழங்கைக்கு மேலே பிடித்தது.

"தையல்காரர் துணிய மிச்சம் பிடிச்சிட்டார்டீ."

"ஒரு கையில மட்டுமா? இடது கை மேல அவருக்கு அப்படி என்ன பாசம்?"

நோய் திரும்பிவிட்டதோ என்று பத்து நாளாக அவளுக்குள் ஒரு பயம் இருந்தது. அதைச் சொல்லிவிட்டால் உண்மையாகிவிடும் என்று வாயைத் திறக்காமல் இருந்தாள். நாத்தனார் அதற்குமேல் கேட்காமல் ஆட்டோ பிடித்தாள்.

டாக்டர் சோதித்துவிட்டு நோய் திரும்பவில்லை என்றார். அண்ணியைப் பிசியோதெரபி அம்மாவிடம் அனுப்பினார். அந்த அம்மா இரண்டு கைகளையும் டேப்பால் இடம் இடமாக அளந்தார். வலது கையின் சுற்றளவு நாலு சென்டிமீட்டர் அதிகம்.

"இது நிணநீர் வீக்கம். கையில இருக்கிற நீர் அந்த முடிச்சுங்க வழியாத்தான் வடியணும். அதுங்க இல்லாததால தேங்குது. முழுசாப் போகாது, ஆனா கட்டுக்குள்ள வச்சிக்கலாம்."

"வேலைய விடணுமா?" அண்ணியின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"யாரு விடச் சொன்னா? கை அசையறது நல்லதுதான். இறுக்கமான ஸ்லீவ் ஒண்ணு தரேன், போட்டுக்கிட்டு செய்ங்க. அப்பப்போ கைக்கு ஓய்வு கொடுங்க. கனமா எதையும் தூக்காதீங்க. சின்னக் கீறல்னாலும் உடனே கழுவி மருந்து போடணும். கை சிவந்து சுட்டா, அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு வந்துடணும்."

"தூக்கக் கூடாதுன்னு ஒரு தாள்ல எழுதிக் கொடுங்க மேடம். லேமினேட் பண்ணி வாளியில ஒட்டிடறேன்," என்றாள் நாத்தனார்.

மறுநாள் முதல், காலையில் அந்த ஸ்லீவை ஏற்றுவது அவள் கணவர் பொறுப்பாயிற்று. ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு, மணிக்கட்டிலிருந்து அங்குலம் அங்குலமாக, சுருக்கம் விழாமல் ஏற்ற வேண்டும். பத்து நிமிஷத்தில் அவருக்கு வியர்த்துவிடும்.

"கல்யாணத்தன்னிக்குக்கூட இவ்வளவு கஷ்டப்பட்டு உன் கையைப் பிடிக்கல."

"அன்னிக்கு நடுங்கிட்டு இருந்தீங்க. அதான் ஞாபகம் இல்ல."

எல்லாவற்றையும் அண்ணி ஒழுங்காகக் கேட்டாள், ஒரு நாளைத் தவிர. ஒரு பல் டாக்டர் புதிதாகத் திறக்கப்போகும் கிளினிக்கில் வேலை. மாடியில் நாலு அறை. அன்று நாத்தனார் வர அரைமணி தாமதம். வாளிகள் கீழே நின்றன. 'இதுக்குப் போய் ஒருத்தருக்காகக் காத்துக்கிட்டு நிக்கணுமா' என்று மூன்றையும் வலது கையாலேயே மேலே ஏற்றிவிட்டாள். அப்புறம் சுவரைச் சமப்படுத்தப் பட்டி பூசும்போது, பூசும் தகடு ஆள்காட்டி விரலைக் கீறியது. தூசித் துணியில் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.

மறுநாள் காலை கை சிவந்து கொதித்தது. போர்வைக்குள் பல் கிட்டியது. நாத்தனார் ஓடிவந்து பார்த்தாள். ஒரு கிண்டலும் வரவில்லை. அப்போதுதான் அண்ணிக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

"ஏதாவது சொல்லுடீ."

"செருப்பப் போடுங்க அண்ணி. ஆட்டோ நிக்குது."

கீறல் வழியாகக் கிருமி புகுந்திருந்தது. மூன்று நாள் படுக்க வைத்து மருந்து ஏற்றினார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் நாத்தனார் கட்டில் ஓரம் உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா கிரீடம் இறங்கிடுமா?"

அண்ணி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நோய் வந்தப்போ எல்லாரும் எனக்கு எல்லாம் செஞ்சீங்க. தூக்கறது ஒண்ணுதான் என்கிட்ட மிச்சம் இருந்துச்சு."

நாத்தனார் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். "சுவத்துல ஒரு கோணல் விடாம அடிப்பீங்களே, அதெல்லாம் வேற யாரோவா வந்து செஞ்சுட்டுப் போனாங்க?"

கை பழையபடி ஆனபின், டாக்டர் சரி என்றதும் ஸ்லீவ் ஏறியது, கிளினிக் வேலை தொடர்ந்தது. வாளிகள் கீழே காத்திருந்தன. அண்ணி இரண்டு முறை தொண்டையைச் செருமினாள்.

"இதைக் கொஞ்சம் மேல ஏத்தித் தரியா?"

"காதுல விழல."

"ஏத்தித் தரியான்னேன்!"

"இன்னொரு தடவை. நல்லா இருக்கு கேக்கறதுக்கு."

மூன்றாம் முறையும் சொல்ல வைத்துவிட்டுத்தான் தூக்கினாள். பாதிப் படியில் மூச்சு வாங்கி நின்று, "இதையா ஒரு கையில தூக்கிட்டு இருந்தீங்க, ராட்சசி!" என்றாள்.

இப்போது அண்ணி அரை வாளி அரை வாளியாகப் பிரித்து வைத்துக்கொண்டு அடிக்கிறாள். வலது கைக்கு ஓய்வு கொடுக்கும்போது இடது கையால் பழகுகிறாள். போன வாரம் அளந்ததில் வித்தியாசம் இரண்டு சென்டிமீட்டர்.

இடது கையால் முதலில் அடித்தது கிளினிக்கின் உள்ளறையை. மேல் ஓரம் ஏறி இறங்கிப் போயிருந்தது. பல் டாக்டர் வந்து கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார்.

"இது என்னம்மா, டிசைனா?"

அண்ணி விழித்தாள். நாத்தனார் முந்திக்கொண்டாள்.

"அலை டாக்டர். இப்போ எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க."

டாக்டர் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "குழந்தைங்களுக்குப் பிடிக்கும். வெளியறையிலயும் இதே மாதிரி அடிச்சிடுங்க" என்று இறங்கிப் போனார்.

"போச்சு," என்றாள் அண்ணி. "வேணும்னே இப்படி அடிக்க எனக்கு வராதே!"