தண்டவாளத் தலையில் ஒரு சொம்பு

அன்று கும்மிடிப்பூண்டி ஆலையில் உலைக்கு முன்னால் இருந்தவர்கள்: ஜகந்நாதனாகிய நான், என் அகமுடையாள் ஹேமாம்புஜம், அங்கே எஞ்சினியராயிருக்கும் என் தங்கை பிள்ளை வைகுந்த், உலை ஓட்டும் கலியன், தரம் பார்த்துக் கையெழுத்துப் போட வந்த அதிகாரி ராஜமாணிக்கம். இருந்ததாகச் சொல்லிக்கொள்ளும் மற்றவர்கள் இருக்கவில்லை.

வைகுந்த் பதப்படுத்தும் தண்டவாளத் துண்டுகள் மூன்றும் தேறினால் அவனுக்கு வேலை நிரந்தரம். தவறினால் வீடு. எங்கள் குடும்பத்தில் நாலு தலைமுறையாக யாரையும் வேலையிலிருந்து அனுப்பியதில்லை. பெருமாளுக்குக் கைங்கரியம் செய்கிறவர்களை யார் அனுப்புவது? ஆகவே கோயில் தீர்த்தத்தோடு திருவள்ளூரிலிருந்து நானே புறப்பட்டேன்.

நாங்கள் போனபோது இரண்டு துண்டுகள் முடிந்திருந்தன. மூன்றாவது, செக்கச்செவேலென்று உலையிலிருந்து வெளியே வந்தது. வைகுந்த் ஒரு பொத்தானை அழுத்தினான். குழாய்களிலிருந்து காற்று அதன் தலையில், அதாவது சக்கரம் உருளும் மேல்பாகத்தில், சீறியது.

"காத்தா? கொல்லன் தண்ணியிலதானேடா முக்குவான்?"

"தண்ணி பட்டா சட்டுனு ஆறிடும் மாமா. கெட்டியாகும், ஆனா கண்ணாடி மாதிரி உடைஞ்சுடும். காத்துல நிதானமா ஆறினாத்தான் தேயவும் தேயாது, உடையவும் உடையாது. செத்த தள்ளி நில்லுங்கோ."

தள்ளி நின்று தீர்த்தம் சாதிக்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை. இரண்டடி முன்னால் போனேன்.

"சாமி, சொம்ப இன்னாத்துக்குத் தூக்கினு வர்றீங்க? பேஜாராயிடும்!" என்று கலியன் கத்தினான்.

"ஏன்னா, குழந்தை சொல்றானோல்லியோ!" என்றாள் ஹேமாம்புஜம்.

கவிழ்த்தேன். முழுச் சொம்பையும்.

புஸ்ஸென்று ஆவி எழுந்தது. ராஜமாணிக்கத்தின் முகம் மறைந்தது. ஆவிக்குள்ளிருந்து 'டங்' என்று ஒரு சத்தம்.

"பொளந்துக்குச்சு," என்றான் கலியன். "மூணு மாசமா ஒண்ணுகூட விரிசல் வுடல சாமி. ஒரே சொம்புல முடிச்சிட்டீங்க."

ராஜமாணிக்கம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "யாருங்க இவரு?" என்றார்.

"என் மாமா சார்." ஒளிக்கவில்லை பையன். எங்கள் ரத்தம்.

துண்டு ஆறியதும், அதிகாரி அதன்மேல் ஓர் இரும்புக் குண்டை வைத்து இயந்திரத்தால் அழுத்திப் பார்த்தார். தண்ணீர் பட்ட இடத்தில் தழும்பு சரியாகப் பதியவே இல்லை.

"அநியாயத்துக்குக் கெட்டியாயிருக்கு, அதான் வெடிச்சிருக்கு. தம்பி சொன்னது அப்படியே நடந்திருக்கு," என்றார். "தொழில் தெரியுது. இதுக்குப் பதிலா இன்னொண்ணு போடுங்க. மாமா மட்டும் கேட்டுக்கு வெளியில இருக்கட்டும்."

காவலாளியின் நாற்காலியில் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன். புதுத் துண்டு தேறியது. வைகுந்தின் வேலையும் நிலைத்தது. நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

கோயில் தீர்த்தம் பட்டுத் தண்டவாளம் வெடித்ததாக இப்போது காக்களூர் வரைக்கும் பேச்சு. அது பொய். புதுவாயலில் வண்டி நின்றபோது, ரத்த அழுத்த மாத்திரை போட்டுக்கொள்ள அந்தத் தீர்த்தத்தை நானே குடித்துவிட்டேன். தண்டவாளத்தின் மேல் ஊற்றியது பெட்டிக்கடை பாட்டில் தண்ணீர்.