கேட்டு வாங்கிய பாதை

ஜெர்மனியில் எர்லாங்கன் பக்கத்தில் ஊர்ப் பூங்காவைத் தாண்டினால் திருமதி வாக்னரின் குதிரைப் பண்ணை. அதற்குள் புகுந்து போனால் எங்கள் ஆபீஸுக்குச் சைக்கிளில் பத்தே நிமிடம். ஆறு வருடமாக நான் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன். கேட்டைத் திறந்தால் மறக்காமல் சாத்த வேண்டும். அந்த அம்மாவுக்கு அது போதும்.

2007-ல் சென்னையிலிருந்து எங்கள் ஆபீஸுக்குச் சேஷாத்ரி வந்து சேர்ந்தார். "ரைட்டிங்ல எதுவும் இல்லாம எப்படி சார்? இது ஜெர்மனி!" என்று பதறி, நகராட்சிக்கு ஒரு கடிதம் போட்டுவிட்டார்.

கடிதம் வந்த பிறகு அவர்கள் சும்மா இருப்பார்களா? பாதை எவ்வளவு அகலம், பனியை யார் அள்ளுவது, சைக்கிளைப் பார்த்துக் குதிரை மிரண்டால் யார் பொறுப்பு என்று திருமதி வாக்னரோடு பதினாலு மாதம் பேசினார்கள். கடைசியில், பண்ணை வழியே போகப் பொதுமக்களுக்கு நிரந்தர உரிமை என்று பத்திரமே பதிவாகிவிட்டது. சேஷாத்ரி ஆபீஸ் முழுக்க ஸ்வீட் கொடுத்தார்.

மறுநாள் கேட்டில் போர்டு தொங்கியது. பத்திரப்படி நடப்பவர்களுக்கு மட்டும் அனுமதி. சைக்கிளைத் தள்ளிக்கொண்டும் வரக் கூடாது.

"இத்தனை நாள் விட்டீர்களே?" என்று திருமதி வாக்னரிடம் கேட்டேன்.

"இத்தனை நாள் யாரும் என்னைக் கேட்கவில்லையே" என்றார்.

இப்போது நானும் சேஷாத்ரியும் ஊரைச் சுற்றி அரை மணி நேரம் மிதிக்கிறோம். நேற்று வழியில் ஒரு பழத்தோட்டத்தின் கேட் திறந்து கிடந்தது. அந்தப் பக்கம் எங்கள் ஆபீஸ் தெரிந்தது. சேஷாத்ரி பிரேக் பிடித்தார்.

"லெட்டர் கிட்டர் எழுதினீங்கன்னா கையை ஒடிச்சிடுவேன்" என்றேன்.