பின்னறையில் முழுச் சிக்னல்

"அந்த அலுமாரிக்கு மேல வெக்காதீங்கண்டு சொன்னா—"

"வெச்சுப் பார்த்தாத்தானே தெரியும், நீ முதல்ல—"

"இரும்பு அலுமாரி மச்சான்! இரும்புக்குப் பக்கத்துல வெக்கப்படாதெண்டு கடைக்காரன் சொன்னான் எண்டு நீங்கதானே—"

"சொன்னன் புள்ள, சொன்னன். எவ்வளவு குறையுதெண்டு பார்க்கத்தான் வெக்கிறன். கொஞ்சம் கதைக்காம இரு, மீட்டர் ஓடுது."

"நான் கதைச்சா நெட் குறையுமா?"

"நெட் குறையாது. எனக்கு மூளை குறையும்."

இன்ஷிரா கட்டிலில் இருந்தபடி வயரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் புருஷன் றிஸ்கான் சிரிக்கவில்லை. நெட் வேகத்தை அளக்க அவன் போனில் ஓடிய மீட்டரின் முள் கொஞ்சம் ஏறி, மனம் மாறியதுபோல இறங்கி, மூன்றில் போய் நின்றது.

"மூணு."

"மூணு எண்டா?"

"மூணு எண்டா கொழும்பு."

அதற்குப் பிறகு இன்ஷிராவும் சிரிக்கவில்லை.

காலையில் கல்முனைக்குப் போய் வாங்கி வந்த ரவுட்டர் அது. வெள்ளைப் பெட்டி, இரண்டு கொம்பு, வயிற்றுக்குள் ஒரு சிம். றிஸ்கானுக்கு வீடு கட்டுவதற்குப் பிளான் வரைகிற வேலை. கொழும்புக் கம்பனியொன்று அவனை எடுத்திருந்தது. சாய்ந்தமருதில், இந்த வீட்டில் இருந்தே வரையலாம், ஆனால் திங்கட்கிழமையில் இருந்து பகல் முழுக்க வீடியோவில் அவர்களோடு இருக்க வேண்டும். வீடியோ உறைந்து உறைந்து நின்றால் கொழும்புக்கு வந்து கந்தோரில் இருந்து செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவன் போனால் இன்ஷிராவும் போவாள். பிறகு இந்த வீட்டில் அவளுடைய உம்மா ஹாஜறா மட்டும்தான். வாப்பா மௌத்தாகிவிட்டார், வேறு பிள்ளைகள் இல்லை. மூன்று பேருக்கும் இது தெரியும். மூன்று பேரும் காலையில் இருந்து ரவுட்டரைப் பற்றி மட்டுமே கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இதுல விருந்தாளிக்கெண்டு தனியா ஒரு நெட்டும் இரிக்கு," என்றான் றிஸ்கான், போனைத் தட்டிக்கொண்டே. "வாற ஆக்களுக்கு அதக் குடுக்கலாம். நம்மட சாமானுக்குள்ள அவங்க பூர ஏலாது."

"அப்ப ஒங்கட போன அதுல போடுங்க. மாப்பிள்ளைதானே, வந்த ஆள்."

பகிடிக்குத்தான் சொன்னாள். அவன் திரையில் இருந்து கண்ணை எடுக்காமல், "ஓம், சரியாத்தான் சொல்றாய்," என்றான்.

ஊர் வழக்கப்படி கல்யாணத்தோடு வீடு இன்ஷிராவுக்கென்று எழுதப்பட்டது, மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறினான். அன்றைக்கே ஹாஜறா தன் தலையணையையும் தொழுகிற பாயையும் எடுத்துக்கொண்டு குசினியை ஒட்டிய பின்னறைக்குப் போய்விட்டாள். யாரும் போகச் சொல்லவில்லை. அவளுடைய உம்மாவும் அப்படித்தான் போனாள். மருமகன் இருக்கிற இடத்தில் மாமி நிற்பதில்லை, நேருக்கு நேர் கதைப்பதில்லை என்பதும் அப்படித்தான் வந்தது. "இந்தக் காலத்துல ஆரும்மா இதெல்லாம் பாக்கிற?" என்று இன்ஷிரா சண்டை பிடித்தால், "கூச்சம் காலத்தக் கேட்டுட்டா மகள் வரும்?" என்பாள். ஆனால் றிஸ்கானுக்கு எந்த மீன் பிடிக்கும், எந்தக் கறிக்கு எவ்வளவு உறைப்பு என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். சோற்றைப் போட்டு மகளின் கையில் கொடுத்து அனுப்பிவிட்டு, அவன் இன்னும் கொஞ்சம் கேட்கிறானா என்று கதவுக்குப் பின்னால் நின்று காது கொடுப்பாள்.

றிஸ்கான் இப்போது ரவுட்டரைத் தூக்கிக்கொண்டு வீட்டை அளக்கத் தொடங்கினான். மண்டபத்தில் வைத்தான். எட்டு. அதுவும் பஸ் போகிற ரோட்டின் இரைச்சலோடு. சாப்பாட்டு மேசையில் வைத்தான். பதினொன்று. அங்கே தரையில் இருந்து பாய் பின்னிக்கொண்டிருந்த ஹாஜறா, அவன் வருகிற செருப்புச் சத்தம் கேட்டு எழுந்து குசினிக்குப் போனாள். அவன் குசினி வாசலுக்கு வந்து தொண்டையைச் செருமினான். அவள் அடுப்பைக் குறைத்துவிட்டுப் பின் விறாந்தைக்குப் போனாள். குசினியில் பத்தொன்பது. "பின்னுக்குப் போகப்போகக் கூடுது!" என்று அவன் உள்ளே கத்த, அவள் விறாந்தையையும் விட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த சரீபா இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

"என்னகா ஹாஜறா, வீட்டுக்குள்ள கள்ளன் பூந்த மாதிரி ஓடித்திரியிறீங்க?"

"கள்ளன் இல்லகா, மருமகன்."

"என்னத்தத் தேடுறாரு?"

"சிக்னலாம்."

"அது எங்க இரிக்காம்?"

"நான் எங்க போறனோ அங்கதான் இரிக்கு போல."

சரீபா உடுப்புக் கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "அப்ப ஒங்களப் புடிச்சுக் கூரையில கட்டிவிட்டா சரிதானே!"

ஹாஜறாவும் சிரித்தாள். பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "கட்டட்டும். புள்ளைகள் இஞ்ச இரிந்தாப் போதும்," என்றாள். சரீபா கூடையைத் தூக்கினாள்.

குசினி யன்னலில் இன்ஷிராவின் முகம் தெரிந்தது.

"உம்மா, ஒங்கட அறைக்குள்ள ஒருக்கா வெச்சுப் பார்க்கட்டாம்."

"அவர்ர வீட்டுல அவர் வெக்கிறதுக்கு என்னட்ட என்ன கேள்வி?"

"அவர்ர வீடில்ல உம்மா, என்ட வீடு."

"சரி, ஒன்ட வீடு. சுறுக்கா வெச்சுப் பாருங்க, சோறு ஆறுது."

பின்னறை யன்னல் மேற்கே பார்த்தது. அந்தப் பக்கம் வீடுகள் குறைவு. தென்னைகளுக்கு மேலே டவர் மறைப்பில்லாமல் தெரிந்தது. றிஸ்கான் ரவுட்டரை யன்னல் கட்டின் மேல் வைத்ததும் அதன் விளக்குகள் எல்லாம் பச்சையாகின. மீட்டர் முள் ஏறியது. இந்த முறை இறங்கவில்லை.

"நாப்பத்தொண்டு! இன்ஷிரா, நாப்பத்தொண்டு!"

கிணற்றடியில் ஹாஜறா அதைக் கேட்டு, "அல்ஹம்துலில்லாஹ்," என்றாள் தனக்குள்.

மீட்டரை மட்டும் நம்ப முடியாது என்று றிஸ்கான் தோஹாவில் இருக்கிற கூட்டாளி முபீனை வீடியோவில் கூப்பிட்டான்.

"டேய், ஒன்ட மூக்குல இரிக்கிற பருகூடத் தெரியுதுடா," என்றான் முபீன். "குரலும் பக்கத்துல இருந்து கதைக்கிற மாதிரி. இது போதும், கம்பனிக்காரன் ஒன்னப் பார்த்தே பயந்திருவான்."

"கொஞ்சம் நில்லு, ரூமுக்குள்ள போய்ப் பார்க்கிறன்."

ரவுட்டரை அங்கேயே விட்டுவிட்டுப் படுக்கையறைக்கு நடந்தான். முபீனின் முகம் கட்டங்கட்டமாக உடைந்தது. றிஸ்கான் போனில் ஏதோ மாற்றினான், அப்போதும் சரிவரவில்லை.

"இது ரெண்டு விதமா அனுப்புது," என்று இன்ஷிராவுக்குச் சொன்னான். "ஒண்டு நல்ல வேகம், ஆனா செவரக் கண்டா நிண்டிரும். மத்தது செவரத் தாண்டி வரும், ஆனா மெல்ல மெல்லத்தான். வீடியோவுக்குக் காணாது."

"வயர் இழுத்துக் கொண்டுவந்தா?"

அதற்குள் மதிலுக்கு அந்தப் பக்கத்து மரப்பட்டறையில் வாள் ஓடத் தொடங்கியது. முபீன் வாயைத் திறந்து என்னவோ கேட்டான். ஒன்றும் கேட்கவில்லை. வயர் இழுத்தும் பயனில்லை. இருவரும் பின்னறைக்குத் திரும்பி வந்தார்கள். கதவைச் சாத்தியதும் வாள் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது.

"இதான் ஒன்ட கந்தோர்," என்றான் முபீன். "பின்னுக்குத் தெரியிற பாயச் சுருட்டி வெச்சிட்டா சரி. ஆர்ர ரூம்டா இது?"

றிஸ்கான் திரும்பிப் பார்த்தான். கல்யாணம் முடித்து இரண்டு வருஷம். இந்த அறைக்குள் அவன் கால் வைப்பது இதுதான் முதல் தடவை. ஒரு தலையணை, ஆணியில் தொங்குகிற தஸ்பீஹ் மணிமாலை, சுளகில் பாதி புடைத்த அரிசி, ஒரு மருந்துப் போத்தல். யன்னலுக்கு வெளியே, கிணற்றுக் கட்டின் மேல் மாமி இருந்தாள். நிழல் விலகிப் போயிருந்தது. முக்காட்டின் முனையை நெற்றிக்கு மேலே குடை மாதிரி பிடித்துக்கொண்டு, அவன் எப்போது வெளியே வருவான் என்று அறையைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொறகு எடுக்கிறன் முபீன்," என்று போனை வைத்தான்.

"என்ன மச்சான்? நல்லாத்தானே வருது."

"மாமி வெயில்ல இரிக்காங்க."

"இப்ப உள்ள வருவாங்க."

"இப்ப வருவாங்க. திங்கட்கிழமை? பகல் முழுக்க நான் இஞ்ச இரிந்தா, அவங்க பகல் முழுக்கக் கிணத்தடியிலயா?"

"நான் கதைக்கிறன் உம்மாவோட. வேணாண்டு சொல்ல மாட்டாங்க."

"சொல்லத்தான் மாட்டாங்க. என்னோட எதச் சொல்லியிரிக்காங்க இதுவரைக்கும்? கறி உறைப்பாண்டு கேக்கிறதும் ஒன்னக்கொண்டுதான். நான் மண்டபத்துக்கு வந்தா குசினி, குசினிக்கு வந்தா விறாந்தை. இண்டைக்கு வீட்டை அளக்கிறன் எண்டு அவங்கள வளவுக்கே தள்ளிட்டன். மிச்சமிருந்தது இந்த ஒரு அறை. அதையும் எடுத்துட்டு நான் என்ன மனிசன்?"

"அதுக்கு?"

"கொழும்புக்குப் போவம்."

"அவங்க தனியா இரிக்கிறது நல்லமா?"

"தனியா எண்டாலும் அவங்கட வீட்டுல நிம்மதியா நடந்து திரிவாங்கதானே."

இன்ஷிரா அழத் தொடங்கினாள். சத்தம் இல்லாமல்தான், மூக்கை மட்டும் உறிஞ்சினாள். றிஸ்கான் பிளக்கைக் கழற்றினான். ரவுட்டரின் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அவன் கடைக்காரன் சுற்றிக் கொடுத்த மாதிரியே வயரைச் சுற்றிப் பெட்டிக்குள் வைக்கப் பார்த்தான். அது பெட்டிக்குள் போக மாட்டேன் என்றது.

"அழாத புள்ள. ரெண்டு கிழமைக்கு ஒருக்கா வருவம்."

"நீங்க பேசாம இருங்க."

யன்னல் திறந்துதான் கிடந்தது. கிணற்றடி ஒன்றும் தூரமில்லை.

விறாந்தையில் செருப்புக் கழற்றுகிற சத்தம் கேட்டது. றிஸ்கான் மாமிக்கு வழிவிடுவதற்காக அவசரமாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு குசினிப் பக்கம் நகர்ந்தான். ஆனால் ஹாஜறா அந்த வாசலால்தான் வந்தாள். இருவரும் ஒரு கை தூரத்தில் நின்றார்கள். அவளுடைய முகம் வெயிலில் சிவந்து, நெற்றியில் வியர்வை கோடாக இறங்கியிருந்தது. அவன் சுவரோடு ஒதுங்கினான். அவள் ஒதுங்கவில்லை. அவனைப் பார்க்கவும் இல்லை, அவன் கையிலிருந்த பெட்டியைத்தான் பார்த்தாள்.

"உம்மா?" என்றாள் இன்ஷிரா.

ஹாஜறா உள்ளே போய்ப் பாயை மூலைப் பக்கம் இழுத்துப் போட்டாள். சுளகை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, சுவரில் முதுகைச் சாய்த்து இருந்தாள். முக்காட்டைச் சரிசெய்தாள். அரிசியில் கையை வைத்தாள், எடுத்தாள். பிறகு, சுளகையே பார்த்தபடி, சின்னக் குரலில் ஆனால் தெளிவாகச் சொன்னாள்:

"மகன், அதத் திருப்பிப் பூட்டிட்டு அந்தக் கூட்டாளிப் புள்ளைய மறுகா ஒருக்கா எடுங்க, நான் இந்த மூலையில இரிந்து புடைக்கிறன், சுளகுச் சத்தம் ஒங்கட கதைக்கு இடைஞ்சலா இரிக்காண்டு கேட்டுப் பாருங்க."