யாருக்கு நோட்டீஸ்?

குடியிருப்புச் சங்கத் தலைவர் க்ளைட், ஆபத்தாகச் சுடுவதாக எச்சரிக்கும் நோட்டீஸும் கையுமாக வந்தபோது, லோரெட்டா தன் வீட்டுக் கொல்லைப்புறத்தில் காற்றுத் துப்பாக்கியால் சூப் டப்பாக்களைச் சுட்டுக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் துப்பாக்கியைக் காலி செய்து மேசைமேல் வைத்துவிட்டு, ஒரு பாதுகாப்புக் கண்ணாடியை நீட்டினாள்.

"இதைப் போட்டுக்கிட்டுத் திட்டுங்க."

"அக்கம்பக்கத்துல பிள்ளைங்க இருக்கு, லோரெட்டா," என்றபடி அதை மாட்டிக்கொண்டார்.

"அதுக்குத்தான் டப்பாவுக்குப் பின்னால ஆளுயரத்துக்கு மணல்மூட்டை அடுக்கியிருக்கேன். இந்த மாவட்டத்துச் சட்டத்தையும் படிச்சாச்சு."

"எனக்கே பாடமா? பத்து வயசுலேர்ந்து மான் வேட்டைக்குப் போறவன் நான்."

சொல்லிக்கொண்டே துப்பாக்கியை எடுத்தார். விரல் நேராக விசைக்குப் போனது. "இந்த மூட்டையெல்லாம் எம்மாத்திரம்?" என்று அவள் பக்கம் திரும்பினார். குழலும் கூடவே திரும்பியது.

லோரெட்டா குழலைத் தரையை நோக்கி அழுத்தி, துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"காலிதானே..." என்றார்.

"திறந்து பாத்தீங்களா?"

க்ளைட்டின் முகம் சுண்டிப்போனது. அவள் நோட்டீஸை வாங்கி, அதிலிருந்த தன் பெயரை அடித்து, அவர் பெயரை எழுதி, அவர் கையிலேயே கொடுத்தாள்.

"வேலிக்கு அந்தப் பக்கம் போனப்புறம் கண்ணாடியைக் கழட்டுங்க. நான் இன்னும் சுட்டு முடிக்கல."