நடுச்சுவரில் பஞ்சு

கார் ஷெட்டை என் மாமனாருக்கு அறையாக மாற்றிக்கொண்டிருந்தோம். வெயிலும் குளிரும் உள்ளே வராதபடி சுவரில் பஞ்சு அடைத்து, அதன்மேல் பலகை அடிக்க வந்த தச்சன்மேல் எனக்கு முதல் நாளிலிருந்தே சந்தேகம். ஆள் அளவுக்கு மீறிப் பணிவாக இருந்தான். அப்படி இருப்பவன் எதையோ அமுக்கப் பார்க்கிறான் என்பது என் கட்சி.

வெளிப்பக்கச் சுவர்கள் மூன்றுக்கும் ஒன்பது சுருள் பஞ்சு போதும். வந்து இறங்கியது பன்னிரண்டு. இன்று பார்த்தால் ஒன்றுகூட மீதி இல்லை.

"மூணு சுருளை எங்கய்யா ஏப்பம் விட்ட?"

"எல்லாம் சுவத்துக்குள்ளதான் சார் இருக்கு."

விடுவேனா? ஒவ்வொரு சுவராகத் தட்டினேன். மூன்றும் தொம்மென்றன. நாலாவது, எங்கள் கூடத்துக்கும் இந்த அறைக்கும் நடுவில் இருப்பது. அங்கே வெறும் பலகை மட்டும்தான் அடிக்கச் சொல்லியிருந்தேன். அதுவும் தொம்மென்றது.

"வீட்டுக்குள்ளேருந்து வெயிலா அடிக்குது? யாரைக் கேட்டு இங்க அடைச்ச?" என்று கத்தினேன்.

அவன் தரையைப் பார்த்தான். "அக்காதான் சொன்னாங்க சார். இது சத்தத்துக்கு."

"என்ன சத்தம்?"

"நீங்க அவங்களைத் திட்டறது அவங்கப்பாவுக்குக் கேக்கக் கூடாதாம்."

புளுகுகிறான். கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று, தொண்டை கிழிய மனைவியைக் கூப்பிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் கூடத்தில்தான் இருந்தாள்.

பதிலே வரவில்லை. வேலையைச் சுத்தமாகத்தான் செய்திருந்தான்.