மேலே ஏறாத பாட்டுக் கச்சேரி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் மலைமேல் சோளக்காட்டுச் சந்தைக்குப் போனது பலாப்பழம் வாங்க. திரும்பும்போது பஸ் நின்றுவிட்டது. ஜன்னல் வழியே பார்த்ததுதான் கதை. பார்க்காததை நானே சேர்த்துக்கொண்டேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மலையின் மடியில் மஞ்சு தவழும் காலை…’ [வேண்டாம். மஞ்சு தவழ்ந்தால் ரோடு வந்துவிடுமா?]

2

பெருமாயிக்கு வேண்டியது ரோடு. எடப்புளி நாடு என்கிற அந்த மலைப்பகுதியில் அவள் ஊருக்கு மண்தடம்தான். மருமகள் அருணாவின் முதல் பிரசவத்துக்கு டோலி கட்டித் தூக்கிவந்தார்கள். பாதி வழியிலேயே குழந்தை பிறந்துவிட்டது. அடுத்த மாதம் இரண்டாவது. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை மறியல் என்று ஊரைத் திரட்டியிருந்தாள்.

கட்சிக்காரர் பூபதி கெட்டிக்காரர். அதே ஞாயிறு ஊருக்குள் ஆர்க்கெஸ்ட்ரா, வீட்டுக்கொரு கிரைண்டர் என்று அறிவித்தார். மறியல் பேச்சு அன்றைக்கே அடங்கியது.

‘பெருமாயி கிரைண்டரை உதறித் தள்ளி—’

பொய். அவளுக்குக் கிரைண்டர் மேல் கொள்ளை ஆசை. பாட்டு மேலும்தான். ஆசைப்படுகிறவள் ரோடு கேட்கக் கூடாதா என்ன?*

(* இது, இலவசத்துக்கு ஆசைப்படுகிறவர்கள் உரிமை கேட்கக் கூடாது என்கிற என் நண்பர் ஒருவருக்கு. படித்தால் கோபித்துக்கொள்வார். படிக்கட்டும்.)

3

ஞாயிறு. தார் ரோட்டிலிருந்து மண்தடம் பிரியும் இடத்தில் ஆர்க்கெஸ்ட்ரா லாரி நின்றது. வரவேற்க ஊரே இறங்கி வந்திருந்தது. மேலே ஏறாது என்று டிரைவர் கையை விரித்தார்.

“அம்மிணிகளா, ஸ்பீக்கரை ஆளுக்கொண்ணாத் தூக்கிட்டுப் போயிரலாம்,” என்றார் பூபதி.

“ஏனுங்க, டோலி தூக்கியே எங்க ஊட்டு ஆளுங்க தோளு போச்சுங்க. லாரி மேலயே பாடச் சொல்லுங்க. நாங்க ரோட்டுல உக்காந்துக்கறோம்,” என்றாள் பெருமாயி.

பூபதிக்கும் அதுவே சுலபமாகப் பட்டது. பாட்டு தொடங்கியது, ஊரே தார் ரோட்டில் உட்கார்ந்தது. இந்தப் பக்கம் என் பஸ். அந்தப் பக்கம் மரவள்ளிக்கிழங்கு லாரி, அதன் பின்னால் ஓர் அதிகாரியின் ஜீப். போலீஸ்காரர் விசாரித்தார்; கச்சேரிக்கு அனுமதி வாங்கியவர் பூபதி. மறியலைத் தானே நடத்திக்கொண்டிருப்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

“எந்திரிங்க சாமி, போதும்!” என்று கெஞ்சினார் பூபதி.

“பாட்டு நல்லாருக்குதுங்க. போக மனசு வரலீங்க,” என்றாள் பெருமாயி. அதுவும் நிஜம்தான்.

4

பாடகி மைக்கை நீட்டினாள். “என்ன வேணும்மா? கேளுங்க!”

பெருமாயி எழுந்து வாங்கிக்கொண்டாள். அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கிவிட்டார்.

முடிவு ஒன்று: ரோடு கேட்கிறாள். முடிவு இரண்டு: வெட்கப்பட்டுக்கொண்டே இன்னொரு பாட்டு கேட்கிறாள். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது. வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் அருணா ஞாபகம் வந்தாள். பூபதி லேசுப்பட்டவரில்லை, பாட்டைக் காட்டி என்னைக்கூட ரோட்டை மறக்க வைத்துவிட்டார்.

நான் இதோடு நிறுத்திக்கொள்கிறேன். மைக்கை நீங்கள் பிடியுங்கள். எதை வேண்டுமானாலும் கேளுங்கள். அருணாவுக்கு அடுத்த மாதம்.